மதர்போர்டு ரீகால்: கம்பெனி என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், கேபினெட்டை அம்மாவின் பழைய புடவையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். வாங்கி ஐந்து மாதம்தான். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. என்னிடம் வருவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்திருக்கிறான். கையிலிருந்த ஜாப் ஷீட்டில் பழுது என்ற இடத்தில் இரண்டே சொல்: ‘டிஸ்ப்ளே இல்லை’. அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ‘துரு உள்ளது, வாரன்டி கிடையாது’.

அவன் மதர்போர்டில் (இனி போர்டு) பிழை எண் காட்டும் குட்டித் திரை ஒன்று இருந்தது. எத்தனை முறை ஆன் செய்தாலும் ஒரே எண்ணில் வந்து நின்றது. அதே மாடல், அதே எண்ணில் நின்றுபோன போர்டுகளை அதற்கு முன்பே நான் இரண்டு பார்த்திருந்தேன். ஆக, இது அவன் வீட்டுக் கோளாறு மட்டும் இல்லை என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அந்த எண்ணை ஜாப் ஷீட்டில் யாரும் எழுதவில்லை. எழுதாததால், கம்பெனியின் கணக்கில் அவனுடையது துருப்பிடித்த போர்டு, அவ்வளவுதான்.

தயாரிப்பாளரின் கண்ணுக்குத் தெரிவது ஒரு சீரியல் நம்பரும், பழுதைப் பற்றி எழுதிய ஒரு வரியும்தான். விற்ற பொருளில் குறை என்று கம்பெனியே திரும்பப் பெறுவதைத்தான் ரீகால் என்கிறார்கள். அதற்கு அடிப்படையான அந்த வரி சரியாக விழ என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. அதற்கு முதலில் கம்பெனிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனிக்குள் நடப்பது

எந்த மாடலாக இருந்தாலும் சில போர்டுகள் பழுதாகித் திரும்பி வரும். அது இவ்வளவு இருக்கும் என்று கம்பெனி முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்குக்குள் இருக்கிறவரை யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒன்று போனால் ஒன்றை மாற்றித் தருவார்கள். ஒரே இடத்தில் கருகியது, ஒரே எண்ணில் நின்றது என்று வரிசையாக வரத் தொடங்கினால்தான் போர்டுகள் ஆய்வகத்துக்குப் போகும். காரணம் பிடிபட்டதும் அடுத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த லைனில் செய்தது என்று தேடுவார்கள். பிறகு விநியோகஸ்தர் கிடங்கில் இருக்கும் சரக்கை நிறுத்திவைப்பார்கள். விற்றுப்போனதை என்ன செய்வது என்று முடிவெடுப்பது கடைசியில்தான்.

இதற்கு நல்ல உதாரணம் அசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி மேக்ஸிமஸ் இசட்690 ஹீரோ. 2021 கடைசியில், இந்தப் போர்டு வாங்கியவர்கள் ரேம் ஸ்லாட் பக்கத்தில் புகை வந்தது, பிழை எண் 53 காட்டியது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எரிந்த போர்டுகளின் படங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த வெளியாட்கள்தான், ஒரு கெபாசிட்டரின் மேல் உள்ள எழுத்து தலைகீழாக இருப்பதைக் கவனித்தார்கள். கெபாசிட்டர் திருப்பி வைத்துச் சால்டர் ஆகியிருந்தது. பிளஸ், மைனஸ் மாறிப்போனால் என்ன ஆகும் என்று டிவி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார். அந்த டிசம்பர் முடிவதற்குள் அசுஸ் ஒப்புக்கொண்டது: ஒரு உற்பத்தி லைனில் நடந்த தவறு, மாற்றித் தருகிறோம் என்று. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழியாக அதிகாரபூர்வ ரீகால் வந்தது 2022 ஜூலையில். அங்கே மட்டும் சுமார் 10,000 போர்டுகள்.

எந்தப் போர்டு என்பதை அந்த அறிவிப்பு எப்படிச் சொன்னது என்று பாருங்கள். இன்ன பார்ட் நம்பர், சீரியல் நம்பரின் முதல் இரண்டு எழுத்து எம்ஏ, எம்பி, எம்சி. அசுஸ் கணக்கில் எம் என்றால் 2021. ஏ, பி, சி என்பவை அக்டோபர், நவம்பர், டிசம்பர். மூன்று மாதச் சரக்கு, அவ்வளவுதான். அதே பெயர், அதே பெட்டி, அதே விலை. ஆனால் ஜனவரியில் செய்த போர்டுக்கு இந்த ரீகாலோடு சம்பந்தம் இல்லை. ‘என்கிட்டயும் அதே மாடல் இருக்கு’ என்று கவுண்டரில் சொல்வது ஏன் எடுபடாது என்பது இப்போது புரியும்.

முதல் புகாருக்கும் அதிகாரபூர்வ ரீகாலுக்கும் இடையே ஏழு மாதம் போயிருப்பதையும் கவனியுங்கள். டெட் ஆன போர்டை இருநூறு ரூபாய்க்குக் காயலான் கடையில் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். போர்டு கையில் இல்லையென்றால் ரீகாலில் கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

தவறு எங்கே என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்

எல்லாத் தவறும் ரீகால் ஆகாது. தவறு எந்த இடத்தில் நடந்தது, அதனால் தீப்பிடிக்குமா அல்லது வேலை மட்டும் நிற்குமா என்பதை வைத்துத்தான் கம்பெனி பேசும். அமெரிக்கச் சட்டப்படி, பொருளால் ஆபத்து இருப்பதாகத் தகவல் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் ‘ரீகால்’ என்ற சொல்லை கம்பெனிகள் எளிதில் வாயில் எடுக்க மாட்டார்கள். ‘மாற்றித் தரும் திட்டம்’, ‘வாரன்டி நீட்டிப்பு’, ‘புதிய பயாஸ்’ (போர்டை இயக்கும் உள் மென்பொருள்) என்று வேறு பெயர்களில்தான் பெரும்பாலும் வரும். நீங்கள் அந்தப் பெயர்களிலும் தேட வேண்டும்.

ப்ராசசரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்தான் சிப்செட். அதிலேயே தவறு இருந்த கதை இன்டெலுடையது. 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் ப்ராசசர்களோடு வந்த பி67, எச்67 சிப்செட்டுகளை, அந்த மாதம் 31ஆம் தேதியே இன்டெல் நிறுத்தியது. உள்ளே இருந்த ஒரு டிரான்சிஸ்டருக்குப் போகும் மின்னழுத்தம் அது தாங்கும் அளவைவிடக் கூடுதல். அதனால் நாளாக நாளாக ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் 3 ஜிகாபிட் போர்ட்டுகள் நான்கும் வலுவிழக்கக்கூடும். 6 ஜிகாபிட் போர்ட்டுகள் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. சரிசெய்யவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெல் மதிப்பிட்டது. திருத்திய சிப்செட்டுக்குப் பி3 என்று பெயர். சில போர்டு கம்பெனிகள் மாடல் பெயரின் வாலிலேயே அதை ஒட்டி விற்றார்கள், வாங்குபவர் நம்ப வேண்டுமே.

இதில் ரசிக்க ஒரு விஷயம் உண்டு. ஒரு வாரம் கழித்து, கெட்டுப்போகாத இரண்டு போர்ட்டுகளை மட்டும் பயன்படுத்தும் லேப்டாப் போன்றவற்றுக்கு அதே பழைய சிப்செட்டைத் திரும்ப அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரே சிப், ஒரு பெட்டிக்குள் குறை, இன்னொரு பெட்டிக்குள் குறையில்லை. நீங்கள் எந்தப் போர்ட்டில் ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கிறீர்கள் என்பதுவரை கணக்கில் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வாங்கிய பாகத்தில் தவறு என்றால் கதை இழுக்கும். 2000க்குப் பிறகு சில ஆண்டுகள் உலகம் முழுக்க எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் மேலே உப்பி வெடித்தன. வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பிரவுசிங் சென்டர்கள் கொழித்த காலம் அது. ப்ராசசரைச் சுற்றி வரிசையாக உப்பி, தலையில் பழுப்புப் பசை கசிந்த போர்டுகள் வாரம் நாலைந்து என் மேசைக்கு வரும். கெபாசிட்டர் மாற்றிக் கொடுத்தே நான் கடை வாடகை கட்டியிருக்கிறேன். டெல் நிறுவனம் 2005இல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது. இந்த மாதிரிப் பழுதில் பல கம்பெனிகள் அறிவிப்பு ஏதும் இல்லாமல், வந்து கேட்டவர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுத்துப் பிரச்சினையைக் கடத்தினார்கள். கேட்கத் தெரியாதவர் காசு கொடுத்தார்.

இன்னொரு வகை இப்போது அதிகம்: பாகத்தில் குறை இல்லை, பயாஸில் வைத்த அளவில் குறை. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில், குறிப்பாக எக்ஸ்3டி ப்ராசசர்கள், சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. ப்ராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத பயாஸ்தான் தீர்வாக வந்தது. ரீகால் இல்லை. அப்போது அசுஸ் பக்கத்தில் ‘இது சோதனைப் பதிப்பு, போட்டால் வாரன்டி போகலாம்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. போடாவிட்டால் கருகும், போட்டால் வாரன்டி இல்லை! வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு, சோதனைப் பதிப்பு போட்டாலும் வாரன்டி உண்டு என்று கம்பெனி அறிவித்தது. கூட்டமாகக் கேட்டால் கம்பெனி இறங்கி வரும்.

சரி, இனி உங்கள் வேலை.

படி 1: போர்டுதான் பழுதா என்று உறுதி செய்யுங்கள்

கேபினெட்டிலிருந்து போர்டை எடுத்து அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். ப்ராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் போதும். டிஸ்க், யூஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ப்ராசசரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டையும். ரேமை ஸ்லாட் மாற்றி மாற்றிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். தெரிந்தவரிடம் வேறு எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கிப் பார்ப்பது மிக முக்கியம், ஏனென்றால் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயின்ட் நிறைய. போர்டு செத்தது என்று வருவதில் பாதி எஸ்எம்பிஎஸ் கோளாறாகத்தான் முடிகிறது, என் கடையில்.

பிழை விளக்கு எந்தப் பெயருக்கு நேராக எரிகிறது, பிழை எண் என்ன, எந்த ஸ்லாட்டில் ரேம் போட்டால் வருகிறது என்று தாளில் எழுதுங்கள். ஆன் செய்வதிலிருந்து நிற்கும் வரை ஒரு வீடியோ, வெட்டாமல். கருகல் வாடை வந்தாலோ பொறி தெரிந்தாலோ இதில் எதுவும் வேண்டாம், மறுபடி ஆன் செய்யாதீர்கள்.

படி 2: ஸ்டிக்கர், பில், படம்

போர்டின் அடையாளம் மூன்று: மாடல் பெயர், ரிவிஷன் (எத்தனையாவது திருத்திய வடிவம்), சீரியல் நம்பர். ரிவிஷன் போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். சீரியல் நம்பர் ஸ்டிக்கராகப் போர்டிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில்லையென்றால் கடைக்காரர் பெட்டி மாற்றிக் கொடுத்திருக்கிறார், கவுண்டரில் இதற்கே ஒரு நாள் போய்விடும். கம்ப்யூட்டர் ஓடுகிற நிலையில் இருந்தால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மாடலும் பயாஸ் பதிப்பும் தெரியும்.

பில் இரண்டாவது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ‘பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் தம்பி, பரவாயில்லையா?’ என்று கேட்பார்கள். பரவாயில்லை என்று சொல்லுங்கள். சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் சில கம்பெனிகள் தயாரித்த தேதியிலிருந்து வாரன்டியைக் கணக்கிடுவார்கள், கடையில் தூங்கிய மாதங்களும் உங்கள் கணக்கில் கழியும். பர்மா பஜாரிலோ வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கையிலோ வாங்கிய போர்டு என்றால், இங்குள்ள சர்வீஸ் சென்டர் வாரன்டி இல்லை என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஆனால் அது ரீகால் வரிசையில் வரும் போர்டாக இருந்தால், விற்ற நாட்டுக் கிளைக்கு நேராக மெயில் போடலாம்.

இனி கடல் விஷயம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று போர்டை விடாது. பின்பக்கத் தகரச் சட்டம், திருகுகள், யூஎஸ்பி வாய் இவற்றில் வெள்ளை பூக்கும், அப்புறம் பச்சை. சர்வீஸ் சென்டர்காரர் முதலில் தேடுவது இதைத்தான். பார்த்தால் ‘கரோஷன்’ என்று எழுதி மூடிவிடுவார். அதனால் போர்டு வாங்கிய அன்றே முன்பக்கம், பின்பக்கம், ப்ராசசர் சாக்கெட்டின் ஊசிகள், பின்பக்க வாய்கள் என்று நான்கு படமாவது எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். மெயிலில் தேதி அழியாது. கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நனைந்த போர்டுகளைக் காயவைத்து, ‘தானா போச்சு’ என்று வாரன்டிக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. சிப்புகளுக்கு அடியில் தேங்கிய சேறு காட்டிக்கொடுத்துவிடும். அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டுப் பொருளுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் அங்கே கேளுங்கள்.

படி 3: உங்கள் போர்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்துக்குப் போங்கள். அறிவிப்பு ஏதும் உண்டா, சீரியல் நம்பர் சோதிக்கும் பெட்டி உண்டா என்று பாருங்கள். பிறகு பயாஸ் பட்டியலைப் படியுங்கள். ‘நிலைத்தன்மை மேம்பாடு’ என்று மட்டும் எழுதி, ஒரே மாதத்தில் மூன்று பயாஸ் வந்திருந்தால், என் அனுபவத்தில், உள்ளே ஏதோ புகைகிறது.

அமெரிக்க ஆணையத்தின் ரீகால் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே பதிவானால் அது அமெரிக்காவில் விற்றதற்குத்தான் பொருந்தும். ஆனாலும் பயன் உண்டு. ‘இதே பார்ட் நம்பர், இதே சீரியல் தொடக்கத்துக்கு அங்கே ரீகால் போட்டிருக்கிறீர்கள், என்னுடையதும் அதே வரிசை, இந்தியாவில் என்ன ஏற்பாடு?’ என்று எழுத்தில் கேட்டால், மழுப்பிப் பதில் சொல்வது கஷ்டம்.

உங்கள் போர்டு பட்டியலில் இருந்து இன்னும் பழுதாகவில்லை என்றாலும் பதிவு செய்யுங்கள். நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடுவார்கள். ரீகாலுக்குப் பழுதாகியிருக்க வேண்டும் என்ற அவசியமே கிடையாது.

படி 4: கொடுப்பதற்கு முன்

டிஸ்க், ரேம், ப்ராசசர், கூலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் போர்டைக் கொடுங்கள். சாக்கெட் மேல் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளிலும் ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் பழி உங்கள் மேல். மூடியைத் தூக்கிப்போட்டிருந்தால் கடைக்காரரிடம் கேட்டு ஒன்று வாங்குங்கள், சும்மாவே தருவார்கள்.

விண்டோஸ் 11 என்றால் இன்னொரு தலைவலி. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் சாவி போர்டோடு கட்டுப்பட்டது. போர்டு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். கம்ப்யூட்டர் ஓடும்போதே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்திருக்கிறதா என்று போனில் பாருங்கள். விண்டோஸ் உரிமமும் போர்டோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கணக்கோடு இணைத்திருந்தால் மாற்றுவது சுலபம்.

படி 5: கவுண்டரில்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்தவர்களுக்குக் கொஞ்சம் சௌகரியம். அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடை தூரம். முதலில் போர்டு விற்ற டீலரிடம் போவதா, நேராகச் சர்வீஸ் சென்டருக்கா? டீலரிடம் கொடுத்தால் அவர் விநியோகஸ்தருக்கு, அவர் கம்பெனிக்கு என்று மூன்று கை மாறும். ஒவ்வொரு கையிலும் உங்கள் பழுது வரி சுருங்கும். வாங்கி சில நாளே ஆனது என்றால் டீலர்தான் சரி, கையிருப்பிலிருந்து உடனே மாற்றித் தருவார். மற்ற எதற்கும் நேராகச் சர்வீஸ் சென்டர் போவது நல்லது.

பழுதை நீங்களே தட்டச்சு செய்து இரண்டு பிரதி கொண்டுபோங்கள். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

‘மாடல் இன்னது, ரிவிஷன் இன்னது, சீரியல் நம்பர் இன்னது. வாங்கிய தேதி இன்னது. ஆன் செய்த ஆறு நொடியில் பிழை எண் இதில் நிற்கிறது. இரண்டு ரேம், இரண்டு எஸ்எம்பிஎஸ் மாற்றிச் சோதித்தும் அதே எண். பயாஸ் பதிப்பு இன்னது. கருகல், உடைப்பு, ஊசி வளைவு இல்லை. ஒப்படைக்கும் நேரத்துப் படங்கள் இணைப்பில். இது அறியப்பட்ட உற்பத்திக் குறையா என்று சோதித்து எழுத்தில் தெரிவிக்கவும்.’

கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்தாக வேண்டும். அவரிடம் சத்தம் போடாதீர்கள். ரீகால் முடிவு அவர் கையில் இல்லை. ‘மேடம், பழுது என்கிற இடத்தில் இந்தப் பிழை எண்ணை மட்டும் சேர்த்துடுங்க’ என்று கேட்டால் சேர்த்துவிடுவார். போர்டின் நிலை என்ற இடத்தில் ‘கீறல் இல்லை, துரு இல்லை, ஊசி சரி’ என்று எழுதவைத்து, அவர் கண்ணெதிரே படம் எடுத்து, அப்புறம்தான் கையெழுத்து. பின்பக்கச் சட்டத்தில் லேசாகத் துரு இருந்தால் மறைக்காமல் ‘தகரச் சட்டத்தில் மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டைப் பையனுக்கு இந்த மூன்று சொல்தான் இல்லாமல் போயிற்று.

திருப்பிக் கொடுக்கும்போது ‘பழுது எதுவும் இல்லை’ என்றும் வரலாம். அவர்கள் மேசையில் ஏசி அறையில் பத்து நிமிடம் ஓட்டியிருப்பார்கள். உங்கள் போர்டு மே மாத மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு நிற்கிற ரகமாக இருக்கும். வீடியோ கைகொடுப்பது இங்கேதான்.

படி 6: இழுத்தடித்தால்

முதலில் கம்பெனியின் தலைமைச் சேவைப் பிரிவுக்கு மெயில். ஜாப் ஷீட் எண், படங்கள், வீடியோ இணைப்பு, ‘எந்த இடத்துத் துரு இந்தப் பழுதை உண்டாக்கியது என்று குறிப்பிட்டுச் சொல்லவும்’ என்ற ஒரே கேள்வி. பையனுக்காக நான் போட்டது இந்த மெயில்தான். வாங்கிய அன்று அவன் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் பீற்றிக்கொண்டு அனுப்பிய படத்தையும் வைத்தேன். போர்டு பளபளவென்று இருந்தது. ஒன்பதாம் நாள் போன் வந்தது, மறுபடி கொண்டுவரச் சொல்லி.

அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அது வழக்கு இல்லை. கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தரும் ஏற்பாடு. பல பெரிய பிராண்டுகள் இந்த எண்ணுக்கு மட்டும் வேகமாகப் பதில் சொல்வது ஒரு வேடிக்கை.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னையில் வடக்குக்குத் தனி ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி தைவானில் இருந்தாலும், பெங்களூரில் அலுவலகம் வைத்திருந்தாலும் கவலை இல்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். குறை உண்டா என்பதில் தகராறு என்றால், போர்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்று சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே நியாயமற்ற வணிகம் என்கிறது சட்டம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருக்கும் கடைக்காரரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

உங்களைப் போல இன்னும் பலருக்கு அதே பழுது, அதுவும் தீப்பிடிக்கிற மாதிரி என்றால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. 2022இல் தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்கள் விஷயத்தில், தன் தளத்தில் விற்ற 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தெரிவித்துத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கும்படி அமேசானுக்கு ஆணையிட்டது. உங்கள் தனி நஷ்டஈட்டுக்கு மாவட்ட ஆணையம், எல்லோருக்குமான ரீகாலுக்கு இது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 7: மாற்றுப் போர்டு கைக்கு வந்ததும்

வருவது புதிய போர்டாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான வாரன்டி விதிகளில் இல்லை. சரிசெய்த போர்டு வரும். பெட்டி வராது, வெறும் குமிழி உறையில் வரும். வாரன்டி பழையதில் மிச்சம் இருக்கும் காலத்துக்குத்தான் என்பது வழக்கம். எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தீப்பிடிக்கும் ரீகால் என்றால் சரிசெய்த போர்டா, புதியதா, எந்த மாதம் செய்தது என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் சீரியல் நம்பரைப் பாருங்கள். பையனுக்கு முதலில் கொடுத்த மாற்றுப் போர்டின் நம்பர், பழையது தொடங்கிய அதே எழுத்துகளில் தொடங்கியது. ‘அண்ணே, இதுவும் அதே மாசத்துது போல இருக்கு’ என்று அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான். வாங்காதே, வேறு கேள் என்றேன். அரை மணி நேரம் உட்காரவைத்து, உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து, மேசையிலேயே ஓட்டிக் காட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள், யுபிஎஸ்ஸில் போட்டுக்கொண்டு, நடுவில் கரண்ட் போகாதபடி. இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். புதிய சீரியல் நம்பர் கம்பெனி தளத்தில் இன்னும் வாரன்டியில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அந்த நம்பரைப் பழைய பில்லின் பின்பக்கம் எழுதி, ஜாப் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.